நான் வீட்டில் காணும்

ஒரு வரியைப் படித்து, அதை எழுதியது ஆளா இயந்திரமா என்று சொல்ல ஜானவிக்கு எட்டு வினாடி போதும். அதுதான் அவள் வேலை. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், ஐடி பார்க்கின் நான்காம் மாடியில், ஜன்னல் இல்லாத பக்கத்தில், காலை ஆறிலிருந்து மூன்று வரை உட்கார்ந்திருப்பாள். பெரிய சமூக வலைத்தளம் ஒன்றில் தமிழில் வந்து விழும் கருத்துகளில் சந்தேகப்படும்படியானவை அவள் திரைக்கு வரும். ஒன்றை அமுக்கினால் மனிதர். இரண்டை அமுக்கினால் பாட், அதாவது ஆளில்லாமல் தானே எழுதித் தள்ளும் கணக்கு. மூன்று, தெரியவில்லை. மூன்றை அடிக்கடி அமுக்கினால் தர மதிப்பெண் குறையும். ஆகவே அந்த மாடியில் எவருக்கும் எதுவும் தெரியாமல் போவதில்லை.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் அவள் அம்மா விஜயம் இந்த வேலையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்ன விதம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. "எங்க ஜானுவுக்குக் கம்ப்யூட்டர்ல பாட்டைக் கண்டுபிடிக்கற வேலை." பக்கத்து வீட்டு மாமி விடவில்லை. "கர்நாடக சங்கீதமா, சினிமாவா?"

ஜானவி திருத்தப் போகவில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. இருபத்தேழு வயதாகிறது. பத்தாவது வரை தமிழ், அதற்கு மேல் மலையாளமும் ஆங்கிலமும். தமிழில் எழுதத்தான் அவளுக்குப் பிடிக்கும். 'ஜானவி, கோட்டை' என்ற பெயரில் ஒரு பக்கம் வைத்து, தெருவில் பார்த்ததையும் பஸ்ஸில் கேட்டதையும் பத்து வரி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் ஏழெட்டுப் பேர் படித்தார்கள். பிறகு திடீரென்று நூறு பேர் வந்தார்கள். எதைப் போட்டாலும் அதே வினாடியில் "அருமை தோழி" என்றார்கள். தெரு நாய் செத்துப்போனதைப் பற்றி எழுதியதற்கும் "அருமை தோழி, தொடருங்கள்" என்று பதினான்கு பேர். அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டாள். இந்த வேலையில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

வேலை மூன்றரை மணி பஸ்ஸோடு முடிவதில்லை. ஆடின கால் சும்மா இருக்காது. கண்ணில் படுவதையெல்லாம் எட்டு வினாடி பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அத்தை பிள்ளை சாய் பிறந்தநாளுக்கு அனுப்பிய வாழ்த்தில் "உங்கள் பயணம் மேலும் சிறக்கட்டும்" என்று இருந்தது. கோபத்தில் போன் போட்டாள்.

"ஏண்டா, இதை நீயா எழுதினே?"

"பின்ன? ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு, அதுகிட்டச் சொன்னா அதுவே எழுதும். யாரு இப்போல்லாம் உக்காந்து எழுதறா?"

"எனக்குன்னு ரெண்டு வரி எழுத முடியலையா உனக்கு?"

"உனக்குன்னுதாண்டி சொன்னேன். பேரு ஜானவி, வயசு இருபத்தேழு, கல்யாணம் ஆகலைன்னு எல்லாம் குடுத்தேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். ஆளும் இயந்திரத்தைப் போல எழுதத் தொடங்கியாயிற்று. இயந்திரமோ, ஆளென்று காட்டிக்கொள்ள வேண்டுமென்றே றகரத்தையும் ரகரத்தையும் மாற்றிப் போடுகிறது. நடுவில் நின்று பிரிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் திரைக்கு ஒரு கணக்கு வந்தது. பெயர்: சுடலைமாடத்தி சுடலைமாடத்தி. படம் இல்லை. பத்து நாளில் நாற்பத்து மூன்று இடங்களில் ஒரே கருத்து. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்த கப்பலின் படம், கோயில் ஆறாட்டு ஊர்வலம், புது பஸ், யாரோ சமைத்த மீன்குழம்பு என்று திருவனந்தபுரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் கீழே ஒட்டப்பட்டிருந்தது:

"சொரிமுத்து தம்பி அக்காவை விளி. பழைய நம்பர்தான். வெள்ளம் வரும் நேரம் நான் வீட்டில் காணும். அக்கா வழக்கு பறைய மாட்டேன். கடை மாறிப் போச்சு, இப்போ பாலத்துக்கு அடியில் பணி."

ஜானவியின் கண் முதலில் பெயரில் நின்றது. முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றாக இருப்பது பாட்டின் பழைய அடையாளம். பிறகு வாக்கியங்கள். வெள்ளம் வரும்போது ஒருத்தி வீட்டில் எதைக் காண்பாள்? என்ன வழக்கு? யார் பறைகிறார்கள்? மலையாளத்தில் எழுதிய ஏதோ ஒன்றை இயந்திரம் அரைகுறையாகத் தமிழாக்கித் துப்பியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மலையாளம் தெரிந்ததால்தான் தன்னால் இதைப் பிடிக்க முடிந்தது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டை அமுக்கினாள். குறிப்பில் "மலையாளத்திலிருந்து இயந்திர மொழிபெயர்ப்பு" என்று எழுதினாள்.

மத்தியானம் சென்னையிலிருந்து தரம் பார்க்கும் அழகியநம்பி வீடியோவில் வந்தார். "நல்ல கண்ணும்மா உனக்கு. எங்க பசங்க இதை விட்டிருப்பாங்க."

அந்தப் பாராட்டு அவளுக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று தெரிய வேண்டுமானால் அதற்கு எட்டு மாதம் முந்தைய பயிற்சியைச் சொல்ல வேண்டும். சென்னை, மதுரை, கோவை எல்லாம் ஒரே வீடியோவில் இருந்தபோது, ஜானவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஒரு நிமிஷம் சார், வெள்ளம் குடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள். "வெள்ளத்தையா? மொத்தத்தையுமா?" என்று ஒருவன் கேட்டான். "படகு அனுப்பவா?" என்றான் இன்னொருவன். அழகியநம்பியும் சிரித்தார். திருவனந்தபுரத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். சென்னையில் அந்தச் சொல்லுக்கு ஆறு கரையை உடைக்க வேண்டும். அன்றிலிருந்து ஜானவி தன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் வடிகட்டினாள். வடிகட்டி வடிகட்டி, அந்த வெள்ளிக்கிழமை அந்தக் கருத்து வந்தபோது, குடிக்கிற வெள்ளம் அவள் நினைவுக்கே வரவில்லை.

ஐந்தாம் நாள், புதன்கிழமை. பத்து மணி இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். வேலை நடக்கும் இடத்துக்குள் போனோ பேனாவோ காகிதமோ கொண்டுபோகக் கூடாது. அம்மாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்திருந்தது.

"இன்னிக்கு நான் ஆத்தில் காணும். சாவி எடுக்கண்டா."

படித்துவிட்டு போனை லாக்கரில் வைத்தாள். காபி எடுத்துக்கொண்டாள். இரண்டு வாய் குடித்தாள். திரும்பிப் போய் லாக்கரைத் திறந்து மறுபடி படித்தாள்.

நான் ஆத்தில் காணும். நான் வீட்டில் இருப்பேன். அம்மா பிறந்ததிலிருந்து இப்படித்தான் சொல்கிறாள். தெருவே இப்படித்தான் சொல்கிறது. ஜானவியும் வீட்டில் இப்படித்தான் சொல்வாள்.

காபி டம்ளரை அப்படியே வைத்தாள். மற்ற வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. விளி என்றால் கூப்பிடு. வெள்ளம் வரும் நேரம் என்றால் குழாயில் தண்ணீர் வரும் நேரம். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் வீட்டை விட்டு நகரமாட்டாள். வழக்கு பறைய மாட்டேன் என்றால் திட்டமாட்டேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டையும் நிரப்பாமல் உள்ளே விடமாட்டேன் என்று அந்த வலைத்தளம் அடம்பிடித்தால், ஒரே பெயர் உள்ளவள் அதையே இரண்டு தடவை எழுதாமல் வேறென்ன செய்வாள்?

ஒரு அக்கா தன் தம்பியைத் தேடுகிறாள். கண்ட இடத்திலெல்லாம் கூவுகிறாள். அவள் வாயைப் பொத்தியது ஜானவிதான்.

அவளுடைய டீம் லீட் ஜிஜி ஆற்றிங்கல்காரி. தமிழ் க்யூவில் வரிசையாக வரும் கருத்துகளைப் பார்த்துப் பார்த்தே தமிழ் கற்றவள். ஜானவி விஷயத்தைச் சொன்னதும் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எடீ, கணக்கைத் திறக்க நமக்கு அதிகாரம் இல்லா. அவங்களே அப்பீல் கொடுக்கணும். முகம் காட்டி வீடியோ எடுக்கணும்."

"அவங்களுக்கு அது தெரியுமான்னு தெரியலையே. பழைய பதிவையாவது ஒருதரம் காட்டு ஜிஜி. யாராவது பதில் போட்டிருக்காளான்னு பாக்கணும்."

"பாத்து எந்து செய்யும்?"

"பாக்கணும்."

ஜிஜி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். எட்டு மாதத்தில் ஜானவி எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. தன் திரையைத் திருப்பிப் பதிவைத் திறந்தாள். நாற்பத்து மூன்று கருத்துகளில் நாற்பத்திரண்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை, இல்லையென்றால் குப்பை. கப்பல் படத்துக்குக் கீழே இருந்ததற்கு மட்டும் ஒரு பதில். வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பது. அன்றைக்குத்தான் உண்டாக்கின, படமில்லாத கணக்கு. பக்கத்தில் சிவப்பில்: இழிசொல், தானாக மறைக்கப்பட்டது.

"ஏட்டி மாடத்தி, போன் வெள்ளத்துல வீணு. நம்பர் காணாம அறியாது. விழிஞ்ஞம் பள்ளிக்குப் பின்னால செல்வின் அண்ணன் வீட்டு மாடி. புதன் வரை இங்க காணும். பின்ன மங்களூர் பணிக்கு போறேன். வா."

"புதன்னா இன்னிக்கு" என்றாள் ஜானவி.

"இது அவன்தானா? இதுவும் பாட் ஆகும், ஜானவி. தேடுற ஆளுங்களுக்குப் பதில் எழுதி மாட்டிவைக்கிற பாட் எத்தற உண்டு, உனக்குத் தெரியாதா? புதிய கணக்கு, படம் இல்லா, 'ஏட்டி'ன்னு சீத்தை வார்த்தை வேற."

தெரியும். எட்டு வினாடி பார்த்தாள், பதினாறு பார்த்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றாவது பொத்தானை மனசார அமுக்கத் தோன்றியது. இதைப் பார்த்து ஆமென்றோ இல்லையென்றோ சொல்லக்கூடியவள் இந்த ஊரில் ஒருத்திதான்.

"பாலத்துக்கு அடியில் கடைன்னு எழுதியிருக்கா. நம்ம ஆபீஸ் கிட்ட இருக்கற பாலமாத்தான் இருக்கணும்."

"வெளியில பறஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் பணி போகும்" என்றாள் ஜிஜி. பிறகு திரையை மூடாமல், "நான் பாத்ரூம் போறேன்" என்று எழுந்து போனாள்.

எழுதிக்கொள்ளக் காகிதம் கிடையாது. ஜானவி அந்த வரிகளை, சின்ன வயதில் ஸ்லோகம் நெட்டுருப் போட்டதுபோலப் போட்டாள்.

லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. மூன்று மணி வரை கை ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. கண் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தில் நின்றது. மூன்று அடித்ததும் படிக்கட்டில் இறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

கழக்கூட்டத்தில் தலைக்கு மேலே போகும் நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே தூணுக்குத் தூண் ஒரு தெருவோரத் தட்டுக்கடை. இத்தனை நாளாக அந்தப் பக்கம் நின்றுதான் அவள் பஸ் ஏறுகிறாள். முதல் கடையில் கேட்டாள், வங்காளப் பையன்கள். இரண்டாவதில் ஒரு சேட்டன் கையை விரித்தார். நான்காவதில் பெரிய கல்லின் முன்னால் பரோட்டா தட்டிக்கொண்டிருந்தவர், பெயர் மகாராஜா என்று பிறகு தெரிந்தது, தாடையால் பின்பக்கம் காட்டினார். அங்கே முக்காலியில் உட்கார்ந்து நாற்பது வயசுப் பெண் ஒருத்தி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சுடலைமாடத்தின்னு…"

"யாரு கேக்கா?" தலை நிமிரவில்லை. "ரேஷன் கார்டுக்கா? போன மாசமே ஒருத்தி வந்து எழுதிட்டுப் போனாளே."

"இல்ல. நான் ஜானவி. கோட்டையிலேருந்து வரேன். உங்க தம்பி சொரிமுத்து விஷயமா."

கத்தி நின்றது. அந்த அம்மாள் இப்போது நிமிர்ந்து, ஜானவியைச் செருப்பிலிருந்து பொட்டு வரை பார்த்தாள்.

"எட்டாவது ஆளு."

"என்னது?"

"நீ எட்டாவது ஆளுங்கேன். ஏழு பேரு போன்ல வந்தாச்சு. 'உங்கள் சகோதரர் பாதுகாப்பாக உள்ளார், இந்த லிங்க்கை அமுக்கவும்.' ஒருத்தன் ஆஸ்பத்திரியில கிடக்கான்னான், ஒருத்தன் துபாய்ங்கான். இப்போ நேர்லயே ஆளு அனுப்பத் தொடங்கியாச்சா? எங்க உன் லிங்க்கு? துப்பட்டாவுல முடிஞ்சு வச்சிருக்கியா?"

கல்லின் முன்னால் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஜானவிக்குக் காது சூடேறியது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் "சாரி" என்று சொல்லித் திரும்பியிருப்பாள். திரும்பாமல், நெட்டுருப் போட்டதைச் சொன்னாள்:

"அவர் உங்களுக்குப் பதில் போட்டிருக்கார். 'அக்கா, போன் தண்ணில விழுந்துடுத்து. நம்பர் மனப்பாடமா தெரியாது. விழிஞ்ஞத்துல ஸ்கூலுக்குப் பின்னாடி செல்வின் அண்ணன் வீட்டு மாடியில இருக்கேன். புதன்கிழமை வரைக்கும் இருப்பேன். அப்புறம் மங்களூர் போறேன். வாங்கோ'ன்னு."

அம்மாள் சிரித்தாள். அதில் சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை.

"அக்காவாம்! வாங்கோவாம்! எம் தம்பி பொறந்ததிலேருந்து என்னை அக்கான்னு விளிச்சது கிடையாது. போ மோளே, போயி வேற ஆளப் பாரு. வெங்காயம் கிடக்கு."

ஜானவி அப்படியே நின்றாள். தான் என்ன செய்தோம் என்று அவளுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. தெரியாத ஒரு பெரியவள் முகத்துக்கு நேரே ஏட்டி என்ற சொல்லைச் சொல்ல நாக்கு கூசியது. நாக்கு தானாகவே அதை அக்காவாக்கிவிட்டது. வெள்ளத்தைத் தண்ணீராக்கியது. 'காணும்' எல்லாவற்றையும் 'இருப்பேன்' ஆக்கியது. யாரும் கேட்காமலேயே, வடிகட்டி, சுத்தமாக்கி, ஆளையே இல்லாமல் ஆக்கிக் கொடுத்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி மாடத்தி!" அது அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. மகாராஜாவின் கையில் பரோட்டா பாதி வீச்சில் நின்றது. "போன் வெள்ளத்துல வீணு. நம்பர் காணாம அறியாது. விழிஞ்ஞம் பள்ளிக்குப் பின்னால செல்வின் அண்ணன் வீட்டு மாடி. புதன் வரை இங்க காணும். பின்ன மங்களூர் பணிக்கு போறேன். வா."

கண்ணைத் திறந்தபோது அம்மாள் எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த வெங்காயத் தோல் எல்லாம் தரையில்.

"எப்போ எழுதினான்?"

"வெள்ளிக்கிழமை காலம்பற."

"இன்னைக்கு புதனாச்சே! அஞ்சு நாளா எனக்கு ஏன் வரல?"

"ஏட்டிங்கறதைக் கெட்ட வார்த்தைன்னு மெஷின் மறைச்சுடுத்து. அப்புறம் உங்க கணக்கையும்…"

"அத எவளோ ஒரு நாசமாப் போறவ அடச்சிட்டா. 'நீங்கள் மனிதர்தானா என்று எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை'ன்னு வந்துச்சு. மகாராஜா அண்ணன்தான் வாசிச்சுக் காட்டினாரு. கடையே சிரிச்சுது. ரெண்டு நாளு 'ஏ பூதம், ஒரு ஆம்லெட்டு'ன்னுதான் எல்லாவனும் ஆர்டர் போட்டான்."

ஐடி பார்க் கட்டடத்தை ஜானவி ஒருதரம் பார்த்தாள். சொல்லாமலும் இருக்கலாம். சொன்னால்தான் இவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் எந்த வீடியோவும் எந்தப் பதிவும் இவளிடம் வந்து சொல்லப்போவதில்லை.

"அடைச்சது நான்தான்" என்றாள். "அதுதான் என் வேலை. அதோ, அந்தக் கட்டடத்துல."

அம்மாள் கட்டடத்தைப் பார்க்கவில்லை. இவளையே பார்த்தாள்.

"ஏட்டி" என்றாள். அதில் தம்பி எழுதியதில் இருந்த பாசம் எதுவும் இல்லை. "என்னத்தப் பாத்துட்டு அடச்ச?"

"எழுத்தைப் பாத்து. 'வெள்ளம் வரும் நேரம் நான் வீட்டில் காணும்'னு எழுதியிருந்தேள். மெஷின் எழுதின தமிழ் மாதிரி இருந்தது."

"நீ கோட்டையில பொறந்தவதானே? உங்க வீட்டுப் பைப்புல என்னட்டி வருது, பன்னீரா?"

அம்மாள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், வெங்காயமாகவும் இருக்கலாம். "ஓணத்துக்கு முந்தி ஒரு நாளு, குடிச்சிட்டு வந்தான்னு சட்டியத் தூக்கி எறிஞ்சேன். நெத்தியில பட்டுது. போனவன்தான். துறைமுகத்துலதான் அவனுக்குப் பணி, மூணு தடவை விழிஞ்ஞத்துக்குப் போனேன். ஆயிரம் பேரு மஞ்சத் தொப்பி போட்டுட்டு நிக்கான், எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. சொரிமுத்துன்னா பத்துப் பேரு திரும்புகான்."

"மணி நாலாகப் போவுது" என்றார் மகாராஜா, கல்லைவிட்டுக் கண் எடுக்காமல். "சண்டைய நாளைக்குப் போடலாம். விழிஞ்ஞம் பக்கம் போற கோவளம் பஸ்சு அந்தா வருது."

"பள்ளின்னா எந்தப் பள்ளி? அங்க துலுக்கப் பள்ளியும் உண்டு, மாதா பள்ளியும் உண்டு" என்று அம்மாள் தனக்குத்தானே கேட்டு, தானே சொன்னாள்: "செல்வின்னா மாதா பள்ளி."

பள்ளி என்றால் சர்ச், அதை ஸ்கூல் என்றல்லவா சொல்லியிருந்தேன் என்று ஜானவிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் அந்த அம்மாள் வெங்காயக் கையோடு, செருப்பில் ஒன்றை மாட்டியும் ஒன்றை மாட்டாமலும் சாலையைக் கடந்திருந்தாள். பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

போன் நம்பர் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை என்று ஜானவிக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

வியாழக்கிழமை கடையில் முக்காலி காலியாக இருந்தது. "வரல" என்றார் மகாராஜா. "விளிச்சா எடுக்கல." வெள்ளிக்கிழமையும் அதே. சனிக்கிழமை ஷிப்ட் இல்லாதபோதும் ஜானவி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நீ பொறவும் வந்துட்டியா?" என்று மகாராஜா ஒரு சாயா கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

அவள் மனசுக்குள் அது போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பதில் தம்பி எழுதியதுதானா? ஏட்டி என்று எழுத இயந்திரத்துக்கும் தெரிந்துவிட்டதா? அங்கே மாடியில் யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லாத மாடிக்குத் தான் ஒரு பெண்ணைப் பஸ் ஏற்றி அனுப்பினேனா?

வேலையில் மூன்றாவது பொத்தானைத் தாராளமாக அமுக்கினாள். ஒவ்வொரு உளறலுக்குப் பின்னாலும் யாரோ வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அழகியநம்பி வீடியோவில் வந்தார்.

"என்னம்மா, சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு? ஸ்கோர் எழுபத்தொண்ணுக்கு வந்துருச்சு."

"அன்னிக்குப் பாராட்டினேளே சார், அந்த வெள்ளிக்கிழமைக் கணக்கு. அது தப்பு. அது பாட் இல்லை."

"எப்படிச் சொல்றே?"

ஜிஜி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, மூச்சு விடாமல் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊர்ல குடிக்கற தண்ணியை வெள்ளம்னுதான் சொல்லுவோம் சார். உங்களுக்குத்தான் தெரியுமே. அன்னிக்குச் சிரிச்சேளே."

அவர் கருத்துப் படிவத்தை நிரப்பி அனுப்பச் சொன்னார். ஜானவி நிரப்பினாள். வெள்ளம், விளி, காணும், பணி, வழக்கு, பள்ளி, ஏட்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே திருவனந்தபுரத்தில் அதற்கு என்ன அர்த்தம், எந்த வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று உட்கார்ந்து எழுதினாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் தமிழில் எழுதிய நீளமான விஷயம் அதுதான். அனுப்பு என்பதை அமுக்கின அதே வினாடியில் பதில் வந்தது: "உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. உங்கள் பயணம் மேலும் சிறக்கட்டும்."

திங்கட்கிழமை பத்து மணி இடைவேளையில் லாக்கரைத் திறந்தபோது போனில் ஒரு அறிவிப்பு காத்திருந்தது. அவள் எழுதாமல் விட்டுவிட்ட பழைய பக்கத்திலிருந்து. "உங்கள் பதிவில் ஒரு கருத்தை மறைத்துள்ளோம். காரணம்: இழிசொல்."

நின்றபடியே திறந்தாள். செத்துப்போன தெரு நாயைப் பற்றிய பதிவின் கீழே, பதினான்கு "அருமை தோழி"களுக்கும் அடியில், ஒரு புதுக் கணக்கு. சுடலைமாடத்தி சுடலைமாடத்தி.

"ஏட்டி ஜானவி, ஜானவி கோட்டைன்னு தேடி உன்னக் கண்டுபிடிச்சேன். நான் போகும்போ அவன் மத்தியான ரயிலுக்கு ஏறியாச்சு. செல்வின் அண்ணன் மங்களூர்ல கூட்டாளி நம்பர் தந்தாரு. நாலு நாளா கிட்டல. எனக்கு பனி, மேலு கொதிச்சு வீட்டில் கிடந்தேன். இன்னைக்கு வெள்ளம் வந்த நேரம் அவனே விளிச்சான். நான் வழக்கு பறஞ்சேன். பழைய கணக்குக்கு மூஞ்சிய இடதும் வலதும் திருப்பிக் காட்டச் சொல்லுது, கழுத்து நோவுது. நாயி பாவம்."

ஜானவி லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் காபி இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்த ஜிஜி, "எந்தாடீ?" என்று ஓடிவந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வழக்கு பறஞ்சாளாம்!" என்று சிரித்தாள். "பறைய மாட்டேன்னு நாற்பத்து மூணு இடத்தில் எழுதினவ!"

திரை கேட்டது: இந்தக் கருத்தை எல்லோருக்கும் காட்டவா? ஜானவி ஆம் என்பதை அமுக்கினாள். பிறகு பதில் எழுதத் தொடங்கினாள். இடைவேளை முடிய மூன்று நிமிடம் இருந்தது. "மிக்க மகிழ்ச்சி. நான் மூன்றரை மணிக்கு அங்கே இருப்பேன்" என்று எழுதி, அதைப் பார்த்து, முழுக்க அழித்தாள்.

"மூணரைக்கு நான் கடைல காணும்."

போட்டாள். ஒரு வினாடிகூட ஆகியிருக்காது. அதற்குக் கீழே, பெயரும் படமும் உள்ள ஒரு கணக்கிலிருந்து, புதிதாக ஒன்று வந்து விழுந்தது: "அருமை தோழி."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போகத் தொடங்கினார்கள். ஜானவி அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வினாடி போதவில்லை.